பெரிய மாப்பிள்ளை

என் கடையின் முன்பக்கக் கண்ணாடியை வாராவாரம் நானே துடைப்பேன், இன்ஸ்பெக்டர் சார். ஆள் வைத்தால் மூலைகளை விட்டுவிடுவார்கள். இந்த வாரம் அந்த வேலை மிச்சம். கண்ணாடி இருந்த இடத்தில் இப்போது கார் இருக்கிறது.

கேட்டீர்கள், முதலிலிருந்தே சொல்கிறேன். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் ஹெட்லைட் கிடக்கிறது.

என் மாமனார் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பெண்கள். மூத்தவள் என் மனைவி. இரண்டாமவளைக் கட்டியவர் என் சகலை, டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் வைக்கும் அதிகாரி. கடைக்குட்டிக்கு இன்னும் வரன் அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் மாமனார் வீட்டு பால்கனியில் கூடுவோம். கீழே ரோட்டில் போகிற வண்டி ஒன்றை அவர் கைகாட்டுவார். அதன் நம்பர் பிளேட்டில் உள்ள மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற ஆங்கில வார்த்தை ஒன்றை நாங்கள் சொல்ல வேண்டும். நடுவில் வேறு எழுத்துகள் வரலாம். யார் வார்த்தை நீளமோ அவருக்கு ஜெயம்.

பரிசென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஜெயித்தவரை அந்த வாரம் முழுக்க மாமனார் 'பெரிய மாப்பிள்ளை' என்று கூப்பிடுவார். தோற்றவர் சின்ன மாப்பிள்ளை.

மூத்த பெண்ணைக் கட்டியவன் நான். ஆனால் சகலை இந்தக் குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து நான்தான் சின்ன மாப்பிள்ளை. ஒருமுறை பால் வண்டி போயிற்று. எம், பி, ஆர். டெம்பரேச்சர் என்றேன். பதினோரு எழுத்து. மெல்ல நெஞ்சை நிமிர்த்தினேன். சகலை டீயை ஊதிக்கொண்டே, இன்காம்ப்ரிஹென்சிபிள் என்றார். பதினாறு. அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாமனார், "பெரிய மாப்பிள்ளைக்கு இன்னொரு டீ கொண்டாம்மா" என்றார். கொண்டுவந்தவள் என் மனைவி. என் கப்பும் காலியாக இருந்ததை அவள் கவனிக்கவேயில்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

சகலையின் மூக்குக் கண்ணாடி என் கடையில் செய்தது. அவரிடம் காசு வாங்குவதில்லை, உறவாயிற்றே. மறுநாள் ஸ்க்ரூ தளர்ந்துவிட்டதென்று வந்தார். முடுக்கிக் கொடுத்தேன். கையோடு லென்ஸையும் மாற்றினேன். கால் பவர்தான் குறைத்தேன். கால் பவரால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, தொழில் தெரிந்தவன் சொல்கிறேன். துடைக்கக் கொடுத்தபோது இன்னொரு கால். மூக்கில் உறுத்துகிறது என்று வந்தபோது இன்னொரு கால். ஒவ்வொன்றும் கால்தான். அவற்றைக் கூட்டிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"சகலை, தூரத்துல இருக்கறதெல்லாம் மங்கலாத் தெரியுது" என்றார் ஒருநாள்.

"வயசாகுதுல்ல சகலை. போகப் போகப் பழகிடும்" என்றேன். அவரைவிட நான் மூத்தவன் என்பது இருவருக்குமே நினைவில்லை.

அடுத்த ஞாயிறு ஜி, ஓ, பி என்று ஒரு வண்டி. சகலை அதை சி, ஓ, ஆர் என்று படித்துவிட்டு, கார்ப்பரேஷன் என்று கம்பீரமாகச் சொன்னார். நான் ஜியாகிரஃபி என்றேன். குட்டை வார்த்தைதான். ஆனால் எழுத்துகள் இருந்தன. மாமனாருக்குப் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. அவர் கண்ணாடியும் நான் செய்ததுதான், அதில் பவரெல்லாம் சரியாக இருக்கும். "ரொம்ப சரி, பெரிய மாப்பிள்ளை" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சகலை தங்கமான மனுஷன். வேலையிலும் அப்படித்தான். மைதானத்தில் நின்று, ரிவர்ஸ் எடுக்கிற கார் கம்பத்தில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பமே தெரியாதபோது இடித்ததென்று எப்படிச் சொல்வார்? அநியாயமாக ஒருவரைத் தோற்கடிக்க மனசு வராமல் எல்லோருக்கும் பாஸ் போட்டார். வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் டெஸ்டுக்கு வந்தார்கள். ரவுண்டானா நீரூற்றுக்குள் ஒரு கார் போய் நின்றது. முடிவெட்டும் கடைக்குள் இன்னொன்று பின்பக்கமாக நுழைந்ததில், உள்ளே இருந்தவருக்குப் பாதி மீசை போயிற்று. பேப்பரில் படித்து நானும் வருத்தப்பட்டேன். ஓட்டுகிறவர்களுக்குப் பொறுப்பே இல்லாமல் போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

அவளும் முன்பு டெஸ்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள், சகலைக்குக் கம்பம் நன்றாகத் தெரிந்த காலத்தில். தங்கை புருஷன்தான் அதிகாரி என்றாலும் சலுகை கிடையாது, ஒவ்வொரு முறையும் ஃபெயில். வெறுத்துப்போய் விட்டிருந்தவள், இன்று காலை மறுபடி போய்ப் பாஸாகிவிட்டாள். தலைகால் புரியாத சந்தோஷத்தில், அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்னிடம் சொல்ல நேராகக் கடைக்கு வந்தாள். நேராகவே வந்துவிட்டாள். கண் பரிசோதிக்கும் அட்டையில் முட்டி வண்டி நின்றது. தலையை வெளியே நீட்டி, "ஏங்க, நடுவுல இருக்கறதுதானே பிரேக்கு?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கடைதான் போயிற்று.

சகலை மேல் தப்பில்லை. லென்ஸை மாற்றியது நான். ஒவ்வொரு முறையும் தெரிந்தேதான் மாற்றினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் புத்தி வந்துவிட்டது. பட்டம் என்ன பெரிய பட்டம், மனுஷனுக்கு நிம்மதி போதும். இனி யார் லென்ஸிலும் கைவைக்க மாட்டேன்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். நீங்கள் வந்ததும் காரின் பின்பக்க நம்பரைக் குறித்துக்கொண்டீர்கள். டி, ஆர், என். மாமனார் பழக்கதோஷத்தில் என் முகத்தைப் பார்த்தார். நானும் இன்டர்நேஷனல் என்றேன். "மூணு எழுத்தும் வரிசையா இருக்கு, பதிமூணு" என்று தலையாட்டினார். நீங்கள் எழுதிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அட்மினிஸ்ட்ரேஷன் என்றீர்கள். பதினான்கு. மாமனார் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். நீங்கள் இல்லையென்று சொல்லிச் சிரித்தீர்கள். அவர் இப்போது எதிர்க்கடையில் நின்று கடைக்குட்டிக்கு போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கண்ணாடியில் ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, சார். கழற்றிக் கொடுங்கள், ஒரு நிமிஷத்தில் சரிசெய்து தருகிறேன்.