ஏழாவது கோப்பை

— இந்த வீட்டுல எழுதி ஒட்டாத சட்டம் ஒண்ணு இருக்கு, உனக்குத் தெரியாததில்ல. ஏழாவது கோப்பையைப் பத்தி உங்க அண்ணன் வாயெடுத்தா, 'கண்டிப்பா ஜெயிச்சிருப்போம்'னு சொல்லணும். தண்ணி கேன் போடறவர் சொல்றார். கீழ் வீட்டு வாத்தியார் சொல்றார். நானும் ஒன்பது வருஷமா சொல்லிட்டுதான் இருக்கேன். இன்னிக்கு என்னமோ நாக்கு புரள மாட்டேங்குது.

— இன்னிக்கு ஒரு நாள் மட்டும் புரட்டிடுங்க அண்ணி. நாலு மணிக்குள்ள அந்த நியமனத் தாள்ல அண்ணனோட கையெழுத்து வேணும். இல்லன்னா பஸ் டெப்போவோட புதுப் பொண்ணுங்க டீமுக்கு, விசில் ஊதறதைத் தவிர ஒண்ணும் தெரியாத அந்த விசில்காரர்தான் கோச்.

— அந்தத் தாள் காலையிலேர்ந்து இங்கதான் கிடக்கு. 'ஈரக் கையை மேல வெச்சுடாதே'ன்னு என்னை மூணு தடவை அதட்டியாச்சு. பேனா எடுக்கத்தான் கை வரல.

— எங்க அவன்?

— பின்னாடி கை கழுவறார். ஊரான் வீட்டு பம்பு மோட்டாரைக் கழட்டின கை. ஆறு வருஷம் தொடர்ந்து பேஸ்கட்பால் கோப்பை வாங்கிக் கொடுத்த மனுஷன், டெப்போ வேலையை உதறிட்டு வந்து மோட்டாருக்கு வாஷர் மாத்தறார். கேட்டா தன்மானம்னு பதில். தன்மானத்தைக் கழுவ வாரத்துக்கு ரெண்டு சோப்பு ஆகுது.

— அண்ணி, மெதுவா. வர்றான்.

— யாரு, ஏணியா? யூனிஃபார்மோட வந்திருக்க?

— நாலரைக்கு பஸ் எடுக்கணும்ணா. அதுக்குள்ள உன் வேலையை முடிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்.

— நல்ல நேரத்துல வந்த. உட்காரு. உங்க அண்ணிக்கு ஒரு சந்தேகம், தீர்த்து வெச்சுட்டிருந்தேன்.

— எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. வெங்காயம்தான் வேணும். அதைக் கீழ வைங்க.

— வைக்கறேன். கவனிக்கணும், ஏணி. இந்த உப்பு ஜாடிதான் கூடை. தக்காளி நாலும் நம்ம பொண்ணுங்க. பெரிய வெங்காயம் நீ.

— நான் ஏன்ணா எப்பவும் வெங்காயம்?

— உயரம். அதுக்குத்தானே உனக்கு ஏணின்னு பேர் வெச்சேன். இந்த உருளைக்கிழங்குதான் துறைமுகம் அணி அந்த வருஷம் புதுசா சேர்த்த ஆறடி மூணங்குலப் பொண்ணு. இப்ப ஊர் என்ன சொல்லுது? ஏழாவது வருஷம் கோப்பை துறைமுகத்துக்குப் போச்சு, அதனால துறைமுகம் நம்மைவிடப் பெரிய அணின்னு சொல்லுது. முதல் பாதி நிகழ்வு. இரண்டாவது பாதி அனுமானம். நாம களத்துல இல்லாத ஒரு போட்டியை வெச்சு நம்மை அளக்கறது எந்த வகை நியாயம்? ஆளில்லாத வீட்டுல நுழைஞ்சவனை வீரன்னு சொல்ற மாதிரிதானே?

— இருபத்தி நாலு செகண்டு ஆச்சு. பந்தைக் கையிலேயே வெச்சுட்டிருக்கீங்க. கூடையைப் பாத்து எறியுங்க, இல்ல எதிராளிகிட்ட கொடுங்க.

— நீ மேஜையில உட்கார்ந்து ஸ்கோர் எழுதினவ. உனக்கு எண்ணிக்கை தெரியும். ஆட்டத்தோட உட்பொருள் தெரியாது.

— ஆறு வருஷம் எழுதினேன். யார் எந்தப் பக்கத்துலேர்ந்து எறிஞ்சா, எத்தனை உள்ள போச்சுன்னு படம் போட்டு வெச்சேன். உட்பொருளையெல்லாம் நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க. எனக்குத் தோல்தான் மிச்சம். அதையாவது கொடுங்க, குழம்புல போடறேன்.

— விடுங்க அண்ணி. அண்ணா, இங்க பாரு. நீ திரும்பி வர மூணு நிபந்தனை போட்ட. ஒண்ணு, சம்பளம் பத்தி எவனும் பேரம் பேசக்கூடாது. பேசல. ரெண்டு, டெப்போ கேட் போர்டுல 'ஆறு முறை சாம்பியன்'னு இருக்கறதை மாத்தணும். மாத்தியாச்சு. 'களத்தில் தோற்காத அணி'. காலையிலேயே பெயின்டர் ஏணி போட்டு ஏறிட்டார்.

— எழுத்து மஞ்சளா, வெள்ளையா?

— மஞ்சள்.

— நிழல் கொடுத்தாரா?

— கொடுத்தார்ப்பா. சிவப்பு நிழல்.

— சிவப்பா? மஞ்சளுக்கு கறுப்பு நிழல்தான் எடுக்கும். சிவப்பு போட்டா தூரத்துலேர்ந்து பேன்சி ஸ்டோர் போர்டு மாதிரி இருக்கும்.

— அம்மாடி. இவரை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைச் சொல்ல.

— மூணாவதுதான் பெரிசு. மேனேஜர் மன்னிப்புக் கேக்கணும்னு சொன்ன. எழுதிக் கொடுத்துட்டார். இந்தா.

— யாரு? அந்த மனுஷனா?

— அவரேதான். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு.

— என் கை ஈரம். நீ படி.

— 'ஏழாம் ஆண்டுப் போட்டிக்கான விண்ணப்பம் எனது கவனக்குறைவால் உரிய தேதிக்குள் அனுப்பப்படவில்லை. இதனால் நமது அணி தனது வாய்ப்பை இழந்தது. பயிற்சியாளரிடமும் வீராங்கனைகளிடமும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.' அவ்வளவுதான்.

— 'கவனக்குறைவு'ன்னு எழுதியிருக்கார்.

— ஆமா.

— கவனக்குறைவு வேற, காழ்ப்பு வேற. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கறதுலதான் ஒருத்தனோட நேர்மை இருக்கு. 'எனது காழ்ப்பால்'னு எழுதியிருந்தா அது மன்னிப்பு. இது அலுவலகக் கடிதாசு.

— ஏங்க, இப்ப என்னதான் வேணும் உங்களுக்கு? போர்டு கேட்டீங்க, தொங்குது. கடிதாசு கேட்டீங்க, வந்துடுச்சு. ஒன்பது வருஷமா அந்த மேனேஜர் எதிர்ல வந்தா ரோட்டோட அந்தப் பக்கம் போனீங்க. என்னையும் போக வெச்சீங்க. ஒருநாள் மழையில அவர் குடை நீட்டினார், நனைஞ்சுட்டே வீட்டுக்கு வந்தேன், உங்களுக்காக. இப்ப அகராதியைத் தூக்கிட்டு வர்றீங்க.

— நான் தத்துவமாச் சொல்றேன்.

— பதினோரு பொண்ணுங்க கோச் இல்லாம கிரவுண்டுல ஓடிட்டிருக்காங்க. அதுல ஒருத்தி தினம் இந்தத் தெரு வழியா ஷூவைக் கையில பிடிச்சுட்டுப் போறா. நீங்க மோட்டாரை விட்டுட்டு ஜன்னல்ல நின்னு பாக்கறீங்க. அவ பந்தைத் தட்டற சத்தத்தை வெச்சே 'மணிக்கட்டு இறுகியிருக்கு'ன்னு முணுமுணுக்கறீங்க. எனக்குக் காது கேக்கும்.

— இறுகித்தான் இருக்கு.

— அதைப் போய் அவகிட்ட சொல்லுங்க. வெங்காயத்துக்கு மணிக்கட்டு கிடையாது.

— அண்ணி சொல்றதுல நியாயம் இருக்குண்ணா. மணி மூணே கால். கையெழுத்துப் போடு.

— இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் முடிச்சுடறேன், ஏணி. கவனி. கடைசி நிமிஷம். ரெண்டு புள்ளி பின்தங்கியிருக்கோம்னு வெச்சுக்குவோம். சின்னத் தக்காளி பந்தைக் கொண்டு வர்றா. உருளைக்கிழங்கு நடுவுல நிக்கறா. நீ இங்கேர்ந்து, இடது ஓரமா உள்ள நுழையற—

— நிறுத்துங்க.

— என்ன?

— அவளை ஏன் இடது ஓரத்துல வெக்கறீங்க?

— ஆட்ட உத்தி.

— ஆறு வருஷமும் அவ வலது பக்கத்துலதான் நின்னா. என் நோட்டைப் புரட்டினா அந்தப் பக்கம் முழுக்கப் புள்ளி, கொசு மொய்ச்ச மாதிரி. இடது பக்கம் காலி. ஆனா நீங்க இந்த ஏழாவது வருஷத்து ஆட்டத்தைக் காய்கறி வெச்சு எத்தனையோ நூறு தடவை ஆடியிருக்கீங்க, ஒரு தடவைகூட வெங்காயம் வலது பக்கம் போகல.

— துறைமுகம் எதிர்பார்க்காத கோணம். அதனால மாத்தினேன்.

— வலது பக்கத்துலேர்ந்து நுழைஞ்சா எந்தக் காலால எம்பணும்?

— இது என்ன கேள்வி? இடது காலால.

— இடது பக்கத்துலேர்ந்து நுழைஞ்சா?

— வலது காலால.

— அப்ப இவ இடது காலால எம்பக்கூடாதுன்னு பாத்துப் பாத்து நகர்த்தறீங்க.

— போதும், ஜாடியை எடுத்து வைக்கறேன்.

— அண்ணா?

— காய்ஞ்சுடப் போகுது, அந்த வெங்காயத்தை எடுத்துக்கோ.

— அண்ணா, உனக்குத் தெரியுமா? என் இடது முட்டி பத்தி உனக்கு அப்பவே தெரியுமா?

— தெரியாம என்ன. ஆறாவது வருஷம் ஃபைனல்ல கடைசிப் பத்து நிமிஷம் நீ ரெண்டு காலையும் சேர்த்து ஊன்றித்தான் குதிச்ச. ஒத்தைக் கால்ல எம்பவே இல்ல. கோச்சுக்கு இதுகூடத் தெரியலன்னா எதுக்கு அவன்?

— நான் யார்கிட்டயும் சொல்லல. பாத்ரூம்ல உக்காந்து கட்டுப் போட்டுக்கிட்டு, அதுக்கு மேல கால்சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு வருவேன். இப்பவும் கிளட்ச் மிதிக்கறப்போ உயிர் போகுது. நீ ஒவ்வொரு தடவையும் 'ஏணி ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம்'னு சொல்றப்போ, பாவம் இவனுக்குத் தெரியாது, தெரிஞ்சா உடைஞ்சுடுவான்னு நானும் ஆமான்னு சொல்லிட்டிருந்தேன்.

— எனக்கும் தெரியும். ஸ்கோர் எழுதினவளுக்குத் தெரியாதா. இவளை நம்பின டீம். இவ முட்டி போச்சுன்னா அப்புறம்—

— அண்ணி, வேணாம்.

— நான் ஒண்ணும் சொல்லலம்மா. சட்டம் சட்டம்தான். மூணு பேருக்கும் தெரியும், மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திட்டு ஒரே மேஜையில சாப்பிட்டிருக்கோம். நல்ல குடும்பம்.

— முட்டி வேற விஷயம். முட்டியோட ஆடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அலசறதுக்கே வழியில்லாம, விண்ணப்பத்தைப் போகவிடாமப் பண்ணினதுதான் குற்றம். பேச்சைத் திசை திருப்பாதீங்க.

— சரிப்பா. குற்றத்துக்கு மன்னிப்பு வந்தாச்சு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மேனேஜரே இதை எல்லார் முன்னாடியும் வாசிக்கறார்.

— எல்லார் முன்னாடியுமா?

— டிரைவர், கண்டக்டர், மெக்கானிக்கு, புதுப் பொண்ணுங்க, எல்லாரும். அவருக்கு அடுத்த வாரம் ரிட்டயர்மென்ட். போட்டோகூட எடுக்கறாங்க.

— ரிட்டயராகப் போறவர் எதுக்கு இப்ப இதை ஒத்துக்கறார்?

— நான் போய்க் கெஞ்சினேன். அவர் சிரிச்சார்ணா. 'விண்ணப்பம் என் மேஜைக்கு வரவே இல்லம்மா. வந்திருந்தா முத்திரை குத்தி அன்னிக்கே அனுப்பியிருப்பேன். எங்க தொலைஞ்சுதுன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல'ன்னார்.

— வரவே இல்லன்னு சொல்லிட்டுதான் எழுதிக் கொடுத்தாரா?

— ஆமா. 'ஒன்பது வருஷமா கேன்டீன்ல என் முதுகுக்குப் பின்னாடி பேசறாங்க, பழகிடுச்சு. நான் எழுதினா அவர் கிரவுண்டுக்கு வருவாருன்னா எழுதறேன். அந்தப் பொண்ணுங்களுக்கு அவரை மாதிரி ஆள் கிடைக்காது'ன்னார். அவர் பொண்ணு மட்டும் வாசல்ல நின்னு என்னை முறைச்சா. அப்பா செய்யாத தப்புக்கு ஏன் கையெழுத்துப் போடணும்னு கேட்டா. நான் கடிதாசை வாங்கிட்டு வந்துட்டேன்.

— நிஜமாவா சொல்ற? அவர் பொய்யா சொல்லியிருப்பார்னு எனக்குத் தோணலை. இந்த வீட்டுல பொய் சொல்றவங்களைத் தினம் பாக்கறேன், எனக்கு அடையாளம் தெரியும்.

— அந்தக் கடிதாசைக் கொண்டா.

— ஈரக் கைன்னு சொன்ன?

— கொண்டான்னு சொல்றேன்ல.

— அண்ணா, என்ன பண்ற? ஐயோ, ஏன் கிழிக்கற?

— பாத்தியா, பாத்தியா. என் தலையெழுத்து. ஒன்பது வருஷமா எதைக் கேட்டு உயிரை வாங்கினாரோ, அது கைக்கு வந்ததும் நாலாக் கிழிக்கறார். 'காழ்ப்பு'ன்னு எழுதலையாம். நான் சொல்றேன், உங்களுக்கு மேனேஜர் மன்னிப்பு வேணாம், கோப்பை வேணாம், ஒண்ணும் வேணாம். சண்டை போட ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான். நீ கிளம்பும்மா, உன் பஸ்ஸைப் பாரு. விசில்காரரே வரட்டும்.

— நியமனத் தாளைக் கிழிக்கல. அதை எடு. பேனாவும் எடு.

— போடறியாண்ணா?

— போடறேன். ஆனா நாளைக்கு அந்த மனுஷர் எதையும் வாசிக்கக்கூடாது. அவர் பொண்ணு முன்னாடி, டெப்போ மொத்தத்துக்கும் முன்னாடி நான்தான் பேசப் போறேன். போர்டையும் பழையபடி எழுதச் சொல்லு.

— இப்ப போர்டுக்கு என்ன வந்தது? என்னத்தைப் பேசப் போறீங்க, மறுபடியும் துறைமுகத்து உருளைக்கிழங்கா? மணி ஓடுது. சொல்றதை இருபத்தி நாலு செகண்டுக்குள்ள சொல்லுங்க.

— அவ்வளவு நேரம் வேணாம். தோத்திருப்போம். இருபது புள்ளி வித்தியாசத்துல தோத்திருப்போம். அதை உக்காந்து பாக்க எனக்குத் தைரியம் இல்லாமத்தான், கடைசித் தேதி தாண்டற வரைக்கும் அந்த விண்ணப்பத்தை என் சட்டைப் பையிலேயே வெச்சுக்கிட்டு டெப்போவைச் சுத்தி நடந்தேன்.