தண்ணீர் இல்லாத நாளின் படம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். மடியில் லேப்டாப் வைத்திருந்தவர் வெப்சைட் செய்பவர். பக்கத்தில், அங்குள்ள அருவிக்குப் போகும் வழியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் பெண்.

"அருவியில தண்ணி இல்லாத அன்னிக்கு வெப்சைட்லயும் தண்ணி இருக்கக் கூடாதுங்க, சார்."

"இன்னாக்கா சொல்றீங்க? மத்தவங்கல்லாம் இருக்கறத ஜாஸ்தியா காட்டச் சொல்லித்தான் என் உசிர எடுப்பாங்க."

"போன கோடையில ஒரு குடும்பம் வந்துச்சு. நான் அனுப்புன மழைக்காலத்துப் படத்த நம்பி வந்தவங்க. நடக்க முடியாத அப்பாவ மவன் முதுவுல தூக்கிக்கினு படி எறங்கினாரு. கீழ வெறும் பாற. அந்தப் பெரியவரு பாறையையே பாத்துக்கினு இருந்தாரு. எனக்குத்தான் அவரு மூஞ்சியப் பாக்க முடியல."

"தெனமும் படம் யாருக்கா எடுக்கறது?"

"நான்தான். காலையில எறங்கி எடுத்துருவேன். அங்க டவர் கெடையாது, மேட்டுக்கு ஏறி வந்து அனுப்பறேன். போடறது மட்டும் உங்க வேல."

"வெள்ளம் வந்தா?"

"வராதீங்கன்னு போடுங்க."

"அப்புறம் ரூமுக்கு யாரு வருவாங்க?"

"இருக்கறதே ரெண்டு ரூமு தானே சார்."

அவள் போனை நீட்டினாள். இன்று காலை கள்ளக்குறிச்சிக்குக் கிளம்புமுன் எடுத்த படம். பழுப்புப் பாறையில் நூல் மாதிரி ஓர் ஈரக்கோடு. அவர் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதையே மொதப் பக்கத்துல போட்டுடறேன்கா."

அருவியில் குளிக்கத் துண்டோடு கிளம்பியவன் நான். கரியாலூரில் இறங்கி, அந்தப் பாறையைப் பார்க்கவென்றே படியிறங்கினேன்.