தூணடியில் ஒரு ஆள்

— ஓவியரே, இந்தத் தூணுக்கு அடியில ஒருத்தன் உக்காந்திருக்கானே, இவன் யாரு?

— அதுவா? வெளுத்த சட்டையெல்லாம் அந்தப் பெட்டி மேல வச்சிடுங்க, ஓர்சோலாம்மா. இடிஞ்ச மண்டபத்தை மட்டும் வரைஞ்சா அது எம்மாம் பெருசுன்னு தெரியாது பாருங்க. அளவுக்கு ஒரு ஆளைப் போடுறது எங்க வழக்கம்.

— நீங்களா நெனச்சுப் போட்டதா? நேர்ல இருந்தவனா?

— நேர்ல இருந்தவன்தான். அந்தப் பழைய குளியல் மண்டபத்துல உக்காந்து பாலாடைக்கட்டி தின்னுட்டிருந்தான்.

— இடது கையாலயா?

— ஆமா. நான் பாத்ததைத்தான் வரைவேன் பாருங்க.

— காது பாதிதான் இருக்கு.

— அட, இம்மாத்தூண்டு உருவத்துல அதையும் கண்டுபிடிச்சிட்டீங்களே!

— கோவேறு கழுதை கடிச்சது. பதினோரு வருசம் கூடப் படுத்து எந்திரிச்சவளுக்குத் தெரியாதா? என் புருசன் நூன்சியோ.

— அவரு திபேர் ஆத்தோட போயிட்டார்னு சொன்னீங்களே?

— மூணு வருசம் முந்தி, கார்னிவல் திருவிழா அன்னிக்கு. தொப்பியும் செருப்பும் கரையில கெடந்துச்சு. உடம்பு கெடைக்கல. பாதிரியாரும் பூசை வச்சு முடிச்சிட்டாரு. நீங்க இத எப்ப வரைஞ்சீங்க?

— இந்த ஈஸ்டர் முடிஞ்சு... ஐயோ, மாதாவே!

— ஆளு எப்படி இருந்தான்?

— நல்லாத்தான் இருந்தாரு. திவோலியில கல்லு வெட்டுறாராம், கல்லு வண்டியோட வந்தாராம். மூஞ்சியை மட்டும் போடாதேன்னாரு.

— நீங்க போட்டுட்டீங்க.

— மூஞ்சி இல்லாத மனுசன் எதுக்கு? உக்காருங்கம்மா. திவோலி ஒரு நாள் நடைதான். நானும் வரேன், கூட்டிட்டு வந்துடலாம்.

— அது கெடக்கட்டும். படம் யாருக்குப் போகுது?

— கர்தினால் மாளிகைக்கு. நாளைக்கு மத்தியானம்.

— அந்த மாளிகைக் குதிரை லாயத்துலதான் அவன் வேலை பாத்தான். அங்க அவனைத் தெரியாதவங்க இல்ல. இது மையா, கரியா?

— மண்டபம் மை. ஆளு மட்டும் இன்னும் கரிதான். ஏன் கேக்குறீங்க?

— கரியை எதால அழிப்பீங்க?

— ரொட்டிக்குள்ள இருக்கிற மெத்துன்னதை உருட்டித் தேய்ச்சா போயிடும். ஓர்சோலாம்மா... நெசமாவா?

— இந்தாங்க ரொட்டி. வர்ற ஞாயித்துக்கெழமை சேணம் தைக்கிற வெந்தூராவுக்கும் எனக்கும் கல்யாணம். அந்த எடத்துல ஒரு ஆட்டைப் போடுங்க.