அம்மா போடும் பட்டன்

அம்மா: ...இல்ல மிஸ், உள்ள வரல. உங்களை ஒண்ணு கேட்டுட்டு அப்படியே போயிடறேன். தெரபிக்கு எப்பவும் அவங்க அப்பாதானே கூட்டிட்டு வருவார். நான் வந்தது தெரிஞ்சா...

மிஸ்: தெரியாது. இந்தக் கண்ணாடி வழியா நமக்குத்தான் உங்க பையன் பட்டு தெரிவான், அவனுக்கு நாம தெரிய மாட்டோம். உங்க வீட்டுக்காரர் தண்ணி பிடிக்கப் போயிருக்கார். கேளுங்க.

அம்மா: அவன் எப்போ... அதாவது, சட்டை பட்டனாவது தானே போட்டுக்க இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?

மிஸ்: என்னம்மா, காலங்கார்த்தால என்னைச் சோதிக்கறீங்களா?

அம்மா: நெஜமாத்தான் கேக்கறேன். வளர்ச்சி மெதுவாத்தான் இருக்கும், பொறுமையா இருங்கன்னு சொன்னீங்க. இருந்தேன். ஆறு வயசாயிடுச்சு. தினம் வேன் வந்து ஹார்ன் அடிச்சுட்டு நிக்குது. நான் முட்டி போட்டு உக்காந்து ஒண்ணொண்ணா மாட்டி விடறேன். ஐயா கையைத் தொங்கப் போட்டுட்டு மகாராஜா மாதிரி நிக்கறார்.

மிஸ்: எந்தப் பையன்?

அம்மா: எனக்கு இருக்கறதே ஒரு பையன்தான் மிஸ்.

மிஸ்: இருங்க... அங்க பாருங்க. பெயிண்ட் அடிச்சு முடிச்சுட்டான். சட்டை மாத்தப் போறான்.

அம்மா: யாரு மாத்தி விடுவா?

மிஸ்: பாருங்களேன்.

அம்மா: ...கீழேருந்து ஆரம்பிக்கறான்.

மிஸ்: நாங்க சொல்லிக் கொடுத்ததுதான். கீழ இருந்து போட்டா கண்ணுக்குத் தெரியும், ஏறுமாறா மாட்டிக்காது.

அம்மா: ஓட்டைக்குள்ள விட்டு இழுக்கறான்... அடுத்ததும்... மிஸ், இது என் பையன்தானா?

மிஸ்: உங்களுக்கு நெஜமாவே தெரியாதா? மாவு உருட்டி, துணி கிளிப்பை அழுத்தி, மணி கோத்து, விரலுக்குப் பலம் வந்துடுச்சு. மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுக் காட்டினானே.

அம்மா: மழைக்காலமே முடிஞ்சு போச்சு.

மிஸ்: வாரா வாரம் உங்க வீட்டுக்காரரைக் கேப்பேன், வீட்டுல பண்றானான்னு. "ஜோரா பண்றான், அவங்க அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்"னு சொல்வார்.

அம்மா: என் சந்தோஷத்தை எனக்குத் தெரியாமயே கொண்டாடியிருக்கார். வரட்டும்.

மிஸ்: வந்துட்டார்.

அப்பா: நீ எங்க இங்க?

அம்மா: வேடிக்கை பாக்க வந்தேன். அப்பனும் மகனும் சேர்ந்து என் காதுல இத்தனை நாளாப் பூ சுத்தியிருக்கீங்களே, அதைப் பாக்க.

அப்பா: மெதுவாப் பேசு. பாட்டிலை அவனுக்குக் குடுக்கலாம்னு ரூம் கதவைத் திறந்து வெச்சிருக்கேன்.

மிஸ்: பாத்துட்டான்.

அம்மா: யாரை?

மிஸ்: உங்களைத்தான்... இது என்ன? போட்ட பட்டனையெல்லாம் கழட்டறான்.

அம்மா: ஏன் கழட்டறான்? ஏங்க... ஏன் கழட்டறான்?

மிஸ்: சொல்லுங்க சார். எத்தனையோ பிள்ளைங்களைப் பாத்திருக்கேன். தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி மறைக்கற பிள்ளையை நான் பாத்ததில்ல.

அப்பா: முதல் தடவை போட்ட அன்னிக்கு, வாடா அம்மாகிட்ட காட்டலாம்னு ஓடினேன். வாசல்லயே உக்காந்துட்டான். என் வாயைப் பொத்தினான். "அம்மா போயிடும்"னான்.

அம்மா: எங்க போயிடும்?

அப்பா: நீ சொன்னதுதான். அன்னிக்கு சமையல்கட்டுல பால் பொங்கி வழிஞ்சு, நமக்குள்ள பேச்சு முத்தி... "அவன் வேலையை அவனே பாத்துக்கற அன்னிக்கு நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்"னு.

அம்மா: அவன் தூங்கிட்டுல்ல இருந்தான்?

அப்பா: தூங்கல.

அம்மா: நாலு வார்த்தை கோர்வையாப் பேச வராது இவனுக்கு... இதை மனசுல வெச்சுட்டா தினம் என் முன்னாடி நின்னான்?

அப்பா: அவனுக்குப் பயம். உண்மையைச் சொல்லணும்னா... எனக்கும். அதான் வாயைத் திறக்கல.

மிஸ்: கோவத்துல யார்தான் அப்படிச் சொல்லல சார்? அம்மா, கண்ணைத் துடைங்க. உள்ள போய், "நான் எங்கயும் போக மாட்டேன்"னு ஒரே ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லிடுங்க. இதுக்கு மருந்து அவ்வளவுதான்.

அப்பா: போயேன்மா. சட்டையைத் திறந்து வெச்சுட்டு உனக்காகத்தான் நிக்கறான். என்ன, அசையாம நிக்கற?

அம்மா: எந்த வாயால சொல்லுவேன்... எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்குங்க. இவனை விட்டுட்டுத் தனியாக் கிளம்பலாமான்னு தெரிஞ்சுக்கத்தான் மிஸ்கிட்ட வந்தேன்.