இரண்டாவது சாவி

தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆலையின் பொது மேலாளர் அவர்களே! புதிய பூட்டுகளைப் பச்சைத் துணி விரித்துப் பாங்காக அடுக்கி வைத்திருக்கும் பாதுகாப்பு அதிகாரி அவர்களே! எங்கள் வலியெல்லாம் முதலில் வந்து சேருகிற மருந்தறையின் செவிலித் தாயே! நரை விழும்வரை சங்கத்தைத் தோளில் சுமந்த பெரியவர்களே! மாவோடு மல்லுக்கட்டும் மாவுப் பிரிவுத் தோழர்களே! அனலோடு வாழும் அடுப்புப் பிரிவு அண்ணன்மார்களே! நின்று நின்றே கால் நரம்பு புடைத்துப்போன என் பொட்டலப் பிரிவுத் தாய்மார்களே, தங்கைகளே! இந்த அம்மா எப்போது பேசி முடிப்பாள், எப்போது பிஸ்கட் கொடுப்பார்கள் என்று காத்திருக்கும் குழந்தைச் செல்வங்களே! கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடலாம் என்று நினைத்து உட்கார்ந்திருக்கும் என் மதிப்புக்குரிய மாமா அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஏன் இந்தச் சலசலப்பு? ஏன் எல்லாரும் பின்னால் திரும்புகிறீர்கள்? ஆமாம், அவரேதான். மாவுப் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்தவர். நம் எல்லாருக்கும் மாமாவாக இருந்தவர். போன ஆண்டு வேலையைவிட்டு நீக்கப்பட்டவர். வரவே மாட்டேன் என்றவரை வீடு தேடிப் போய்க் கையோடு அழைத்து வந்தது நான்தான். கோபம் என்றால் என்மேல் கோபப்படுங்கள். இப்போது தயவுசெய்து இந்தப் பக்கம் திரும்புங்கள். தலைவலையும் முகமூடியும் இல்லாமல் வந்திருக்கிறேன். எனக்கு இப்படியொரு முகம் இருப்பது உங்களில் பாதிப் பேருக்கு இன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

சிரித்தீர்கள், கைதட்டினீர்கள், நன்றி. அந்த ஓசையை நான் உன்னிப்பாகக் கேட்டேன். இந்த மண்டபத்தில் கைதட்டினால் ஓசை கொஞ்சம் குறைவாகத்தான் வரும். எல்லாக் கைகளிலும் ஐந்து விரல்கள் இல்லையே! முன்வரிசையில் இருக்கிற என் அடுப்புப் பிரிவு அண்ணன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார் பாருங்கள். எடுங்கள் அண்ணே, வெளியே எடுங்கள். வெட்கப்பட வேண்டியது உங்கள் கை இல்லை.

நாம் உணவு செய்கிறவர்கள். முகம் தெரியாத ஊர்களில் முகம் தெரியாத பிள்ளைகளுக்குப் பசியாற்றுகிறவர்கள். எத்தனை கவனம் நமக்கு! விரலில் வெட்டுப்பட்டால் செவிலித் தாய் ஒட்டிவிடும் பட்டி என்ன நிறம்? சொல்லுங்கள் தாய்மார்களே! நீலம்! ஏன் நீலம்? மாவிலே நீலம் கிடையாது. கழன்று விழுந்தால் கண்ணில் பட்டுவிடும். அந்தப் பட்டிக்குள் மெல்லிய உலோக இழை ஒன்றும் இருக்கிறதே, அது ஏன்? கண்ணுக்குத் தப்பினாலும் சோதனை இயந்திரத்துக்குத் தப்பக்கூடாது. நம் காயத்துக்குப் போடுகிற கட்டுகூட முதலில் பிஸ்கட்டை நினைத்துவிட்டுப் பிறகுதான் விரலை நினைக்கிறது. தவறு என்று சொல்லவில்லை. அந்தப் பிஸ்கட்டை நம் பிள்ளைகளும்தான் தின்கிறார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பிஸ்கட்டுக்குள் ஓர் ஊசிமுனை இருந்தால் மணி அடிக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, வரிசை முழுவதும் அப்படியே நிற்கிறது. அதே ஆலையில், மாவு பிசைகிற தொட்டிக்குள் என் தம்பி இருந்தான். எந்த மணி அடித்தது? எந்த விளக்கு எரிந்தது?

அவனை உங்களுக்கெல்லாம் தெரியும். 'மறதி' என்றால்தான் தெரியும். அவனுக்கு அப்பா வைத்த பெயரைச் சொன்னால் வாசல் காவலரே, 'அப்படி யாரும் இங்க இல்லீங்களே' என்று அனுப்பிவிடுவார். தன் கல்யாணத்தன்று ஊரே கூடியிருக்கும்போது என் காதருகே வந்து, "அக்கா, ரெண்டு காலுக்கும் வேற வேற செருப்பு போட்டுட்டு வந்துட்டேன் போலிருக்கே" என்றவன். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப்போய், அவள் பையை மட்டும் பத்திரமாக வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவன். அந்தப் பிள்ளை பின்னாலேயே அழுதுகொண்டு வந்ததும், மறுநாள் அவனே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

குழந்தைகளுக்காகப் பூட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மாவுத் தொட்டிக்குள் இறங்கிக் காய்ந்த மாவைச் சுரண்ட வேண்டியவர், இறங்குவதற்கு முன் மின்சாரத்தை அணைத்து, அந்த மின்விசையின் கைப்பிடியில் தன் பூட்டைப் போட வேண்டும். பூட்டின்மேல் அவர் படம் இருக்கும். சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும். பூட்டு தொங்கினால் 'நான் உள்ளே இருக்கிறேன்' என்று பொருள். போட்டவரே வந்து திறக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. எவ்வளவு எளிய ஏற்பாடு! எவ்வளவு இனிய ஏற்பாடு!

நம் மறதியோ வேலை முடிந்ததும் பூட்டை எடுக்காமலேயே வீட்டுக்குப் போய்விடுவான். அடுத்த ஷிப்டு ஆட்கள் வந்து நிற்பார்கள், மாவு காத்திருக்கும், வரிசை காத்திருக்கும். ஆள் அனுப்பி அவனை அழைத்து வர வேண்டும். ஒருதரம் தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான். ஒருதரம் மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தான். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். மாமா மட்டும் இரக்கப்பட்டார்.

கடையில் எந்தப் பூட்டு வாங்கினாலும் இரண்டு சாவி வரும் அல்லவா? இரண்டாவது சாவி அலுவலக அலமாரியில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிய மாமா சொன்னார்: "டேய் மறதி, இனிமே நீ வீட்டுக்குப் போனா போனதுதான். உன் இன்னொரு சாவி என்கிட்ட இருக்கு. போய் நிம்மதியா சாப்பிடு, தூங்கு." அன்றைக்கு எங்கள் வீட்டில் அவரைப் புகழாதவர்கள் இல்லை. "இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மனுஷரா!" என்றாள் தம்பி மனைவி. பிறகு ஒவ்வொருவராகப் போய், 'என்னுதையும் வச்சுக்கங்க மாமா' என்றீர்கள். ஒரு சாவி கொத்துச் சாவியானது. மேலிடத்துக்குத் தெரியாதா? தெரியும். வரிசை நிற்காமல் ஓடியதால் யாரும் கேட்கவில்லை. மேலாளர் அவர்களே, தண்ணீர் குடியுங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.

அன்று மாலை நல்ல மழை. என் வேலை முடிந்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு அப்பிய சட்டையோடு குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான் தம்பி.

"இந்தா அக்கா, பிடி. நனைஞ்சா உனக்கு ஒத்துக்காது."

"அப்போ நீ? வாடா, ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்."

"இல்லக்கா, தொட்டியில ஒரு ஓரம் சுரண்டாம வந்துட்டேன். அடுத்து வர்றவங்க திட்டுவாங்க. நீ போ, நான் பின்னாலயே வந்துடறேன்."

அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அவன் திரும்பி உள்ளே போனான். நான் நனையாமல் வீட்டுக்குப் போனேன்.

அவன் வாசல்பக்கம் ஓடியதைச் சன்னல் வழியாக மாமா பார்த்தார். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. அடுத்த ஷிப்டு ஆட்கள் வந்தபோது பூட்டு தொங்கியது. 'வழக்கம்போல மறந்துட்டான்' என்று எல்லாரும் சிரித்தார்கள். மாமா தொட்டிப் பக்கம் ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார். பக்கத்தில் மற்ற இயந்திரங்களின் இரைச்சல்; தம்பி காதில் அதைத் தடுக்கும் அடைப்பான். ஆம் தோழர்களே, விதிப்படி காதில் அடைப்பான்! பதில் வரவில்லை. இந்த மழையில் அவனை ஏன் திரும்ப அலையவிட வேண்டும் என்று அந்த நல்ல மனிதர் நினைத்தார். இரண்டாவது சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்தார். விசையை யாரோ தட்டினார்கள்.

அதற்குமேல் சொல்ல மாட்டேன். முன்னால் குழந்தைகள் இருக்கிறார்கள். எனக்கும் முடியாது.

அவன் சட்டைப்பையில் அவன் சாவி அப்படியே இருந்தது. அதை என்னிடம் கொடுத்தார்கள். இதோ, என் கையில் இருக்கிறது.

யாரது? அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்ததே... 'அப்போ மாமாதானே காரணம்' என்று. தம்பி, உட்காரப்பா, சொல்கிறேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் பெயரைக் கேட்டாலே என் உடம்பு எரியும். ஒருநாள் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். படியேறவில்லை. உள்ளே வாங்க என்று நானும் சொல்லவில்லை. வெகுநேரம் நின்றார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "மழையில அலைய வேண்டாமேன்னுதான்மா..." அழுதுவிட்டார். நானும் அழுதேன். என் தம்பி எனக்குக் குடை கொடுத்ததற்கும், இவர் அந்தச் சாவியை எடுத்ததற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் அன்புதானே? ஒன்று என்னைக் காத்தது. மற்றொன்று அவனைக் கொன்றது. கெட்டவன் ஒருவன் கொன்றிருந்தால் அவனைச் சபித்துவிட்டு நான் தூங்கிப்போயிருப்பேன் தாய்மார்களே! அன்பை எப்படிச் சபிப்பேன்?

விசாரணை நடந்தது. மாமா போனார். கோப்பு மூடியது. கொத்துச் சாவியோடு சேர்த்து எல்லாச் சங்கடமும் ஒழிந்துவிட்டதாகச் சொன்னார்கள். இன்று அந்த மேசைமேல் புதுப் பூட்டுகள் பளபளக்கின்றன. முதல் பூட்டை என் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதற்குத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். நானும் சம்மதித்துத்தான் இருந்தேன், நேற்றுவரை.

நேற்று எங்கள் பொட்டலப் பிரிவின் மேற்பார்வையாளர், தங்கமான பிள்ளை, என்னருகே வந்து சிரித்த முகத்தோடு சொல்கிறது: "அக்கா, புதுப் பூட்டுக்கும் ரெண்டு சாவி வந்திருக்கு. உங்களோட இன்னொண்ணு என்கிட்ட பத்திரமா இருக்கு. மறந்துட்டுப் போனாலும் கவலைப்படாதீங்க."

அந்தப் பிள்ளையை நான் திட்டவில்லை. எனக்குக் கோபமும் இல்லை. பூட்டு இன்னும் நம் கைக்கு வரவில்லை தோழர்களே, அதற்குள் இரண்டாவது சாவி கொத்தில் ஏறிவிட்டது! என் தம்பி போய் ஓர் ஆண்டு முடிந்த இதே வாரத்தில்! அப்படியானால் அவன் போய் நாம் என்னதான் கற்றோம்? சொல்லுங்கள், என்னதான் கற்றோம்?

ஒரு சீட்டு வந்திருக்கிறது. நேரமாகிவிட்டதாம், சுருக்கமாக முடிக்க வேண்டுமாம். தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். அன்றைக்கு ஒருவர் நாலடி நடந்துபோய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிற நேரத்தைக் கொடுத்திருந்தால், இன்றைக்கு நான் உங்கள் நேரத்தை எடுத்திருக்க மாட்டேன்.

நான் கேட்பது இரக்கமில்லாத ஆலையை இல்லை. ஒரே ஒரு சாவி உள்ள ஆலையை! உள்ளே இறங்குகிறவன் பையில் ஒரு சாவி. உலகத்தில் வேறெங்கும் அதற்கு இன்னொன்று இருக்கக்கூடாது. அவன் மறந்து வீட்டுக்குப் போய்விட்டானா? போகட்டும்! வரிசை நிற்குமா? நிற்கட்டும்! மாவு புளிக்குமா? புளிக்கட்டும்! மழை கொட்டுகிறதா? கொட்டட்டும்! ஆள் அனுப்புங்கள். அவன் நனைந்துகொண்டு வரட்டும். நம்மையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வரட்டும். உயிரோடு திட்டிக்கொண்டே வரட்டும்!

பணிமனை அண்ணனிடம் சொல்லிக் கம்பி வெட்டுகிற பெரிய கத்தரியை மேடைக்குக் கொண்டுவரச் செய்திருக்கிறேன். மேற்பார்வையாளர்களே, உங்கள் இடுப்பிலும் பையிலும் இருக்கிற கொத்துகளைக் கொண்டுவந்து இந்த மேசைமேல் வையுங்கள். அவை இங்கே சேரும்வரை ஒரு பூட்டையும் நான் தொட மாட்டேன். மேலாளர் அவர்களே, உங்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.

...நன்றி ஐயா. நீங்கள் தலையசைத்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இனி மாற்ற முடியாது.

வாப்பா, பொட்டலப் பிரிவுப் பிள்ளை, நீதான் முதலில் வருகிறாயா? ஏன் அழுகிறாய்? உன்மேல் கோபமில்லை என்றுதானே சொன்னேன். வை, இங்கே வை. வாருங்கள், வாருங்கள்.

மாமா, எழுந்து வாருங்கள். வெட்டுகிற கை உங்கள் கையாக இருக்க வேண்டும். என் தம்பி இருந்திருந்தால் அவனும் இதைத்தான் சொல்லியிருப்பான். அவருக்கு வழி விடுங்கள் தோழர்களே. யாராவது அவர் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.

எல்லாவற்றையும் வெட்டுங்கள் மாமா. என் கையில் இருக்கிற இதை மட்டும் வெட்டாதீர்கள். இது முதல் சாவி. அவன் சாவி. 'மறதிக்காரன், அதான் போய்ச் சேர்ந்தான்' என்று இந்த ஊர் இன்னும் சொல்கிறது. என் காதுபடவே சொல்கிறது. அவன் மகள் காதிலும் நாளைக்கு அது விழும். அதனால் இந்த ஒலிபெருக்கி கேட்கிற தூரம்வரைக்கும் சொல்கிறேன். என் தம்பி வாழ்நாளெல்லாம் என்னென்னவோ மறந்தான். அன்றைக்கு மின்சாரத்தை அணைக்க மறக்கவில்லை. பூட்டைப் போட மறக்கவில்லை. சாவியைப் பையில் வைக்க மறக்கவில்லை. அன்றைக்கு அவன் எதையுமே மறக்கவில்லை!

இவ்வளவு நேரம் என் அழுகையையும் பேச்சையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வேலை முடிந்து போகும்போது உங்கள் பூட்டை மறந்துவிட்டே போனாலும் போங்கள். இனி அதை யாரும் திறக்க மாட்டோம். நீங்களே திரும்பி வாருங்கள், காத்திருக்கிறோம். வணக்கம்.