இஞ்சினுக்குப் போட்ட மாலை

...ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல இருபது வருஷம். அந்த இருபது வருஷத்துல என்னென்ன வந்துச்சு! ரேடியோ வந்துச்சு. பேசும் படம் வந்துச்சு. ஆகாய விமானம் கடலைத் தாண்டுச்சு. நம்ம பக்கத்துக்கு வந்தது எது தெரியுமா? அரிசி மில். அதைப் பத்தி ஒரு கதை இருக்கு. சின்னதுதான். சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

செய்யாத்துப் பக்கம் ஒரு ஊர். அங்க ஏகாம்பரம்னு ஒருத்தர், சீமையிலேர்ந்து எண்ணெய் இஞ்சின் வரவழைச்சு, வீட்டை ஒட்டியே மில் வெச்சார். மாட்டு வண்டியில இஞ்சின் வந்து இறங்குது... மேளம் வாசிக்கிறாங்க. சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, ரோஜா மாலை போடறாங்க. யாருக்கு? இஞ்சினுக்கு!

அதுவரைக்கும் ஊர்ல உலக்கையில குத்தின அரிசி. பழுப்பா இருக்கும். மில் அரிசி எப்படி? முல்லை மொட்டு மாதிரி! ஏகாம்பரம் அதை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, போறவங்க வர்றவங்களை எல்லாம் நிறுத்துவார். "பாத்தீராய்யா? கவர்னர் வீட்லகூட இதைத்தான் சாப்பிடறாங்க."

அவருக்கு ஒரே பொண்ணு, லோகாம்பாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தா. ஆண் குழந்தை. இங்க இருக்கிற தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல... பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம். பருப்பு ஆகாது. கீரை ஆகாது. பழம் ஆகவே ஆகாது. சோறு, மிளகு ரசம். முடிஞ்சுது. அந்தச் சோத்துக்கு அப்பா என்ன பண்ணினார்? ஊருக்கெல்லாம் ஒரு தடவை தீட்டற அரிசியை, மகளுக்காகத் திரும்பத் திரும்பத் தீட்டினார். பாசம்தான். பாசம் இல்லைன்னு யார் சொன்னா?

ரெண்டு மாசம் போச்சு.

"அப்பா, பாதம் மரத்துப் போகுது. கிள்ளினாக்கூடத் தெரியல."

"பச்சை உடம்பு இல்லையாம்மா, அப்படித்தான் இருக்கும்."

கால் வீங்குச்சு. டவுன்லேர்ந்து ஒரு டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. அந்தம்மா காலை அமுக்கிப் பாத்தாங்க. நேரா அடுப்படிக்குப் போய்ச் சோத்துப் பானையைத் திறந்து பாத்தாங்க.

"தீட்டின தவிடெல்லாம் எங்க போகுது?"

"மாட்டுக்கு."

"அதை உங்க பொண்ணுக்குக் கொடுங்க. அவ உடம்புக்கு வேண்டிய சத்து அதுலதான் இருக்கு. தாய்ப்பால்ல அந்தச் சத்து இல்லன்னா குழந்தை பிழைக்காது."

அந்தம்மா சொன்னது புதுசு இல்லீங்க. அதுக்குச் சில வருஷம் முன்னாடியே ஜாவாவுல, தவிட்டுலேர்ந்து அந்தச் சத்தைத் தனியாப் பிரிச்சு எடுத்துட்டாங்க. நோய்க்குப் பேர் பெரிபெரி. இஞ்சின் வந்த அதே கடல் வழியாத்தான் அந்தச் சேதியும் வந்துச்சு. அதுக்கு யாரும் மேளம் வைக்கல.

ஏகாம்பரம் சிரிச்சார். "நல்லாருக்கே டாக்டரம்மா! மாட்டுத் தீனியை என் மகளுக்கா? சம்பந்தி வீட்ல காறித் துப்ப மாட்டாங்க?" அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "நானே என் வீட்ல தவிடு போட்டா... எவன் என் மில்லுக்கு நெல்லு கொண்டு வருவான், நீங்களே சொல்லுங்க."

உள்ளேர்ந்து லோகாம்பாள் சொன்னா: "நான் தின்னுக்கறேன்பா. யாருக்கும் தெரியாம."

"நீ சும்மா இரும்மா."

இருந்தா. சும்மா இருந்தா.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். மில் ஓடிக்கிட்டிருக்கு... டக் டக் டக் டக். லோகாம்பாள் குழந்தையை மார்ல போட்டுக்கிட்டு, சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு மில்லு வாசலுக்கு வந்துட்டா.

"அப்பா, இஞ்சினை நிறுத்துங்க."

"என்னம்மா இங்க வந்து? நெல்லு நிக்குது பாரு."

"பிள்ளை அழறான்பா. சத்தம் கேக்கல."

"அட பைத்தியமே! இஞ்சின் ஓடறப்போ எப்படிக் கேக்கும்?"

"நிறுத்துங்கப்பா!"

நிறுத்தினார்.

டக்... டக்... டக். நின்னுடுச்சு. இஞ்சின் பெல்ட் சுத்தறது நின்னுடுச்சு. மூட்டை தூக்கறவங்க நின்னுட்டாங்க. ஊரே அமைதியாயிடுச்சு.

குழந்தை வாயைத் திறந்திருக்கு. முகம் சிவந்திருக்கு. கண்ணோரத்துல தண்ணி வழியுது. அழறான்... சத்தம் இல்ல.

அந்த நோய் அப்படித்தான். தொண்டையைப் பிடிச்சுடும். குழந்தை எத்தனை நேரமா அப்படி அழுதுதோ! இஞ்சின் சத்தத்துல ஒருத்தருக்கும் தெரியல.

டாக்டரம்மா வண்டி வந்து சேர்றதுக்குள்ள குழந்தை உயிர் போயிடுச்சு.

கதை இன்னும் முடியல. பிள்ளையை அடக்கம் பண்ணிட்டு ஏகாம்பரம் வீட்டுக்கு வர்றார். மகளைக் காணோம். தேடறார். மாட்டுக் கொட்டில்ல உக்காந்திருக்கா. தொட்டியில கையை விட்டு, தவிட்டை அள்ளி அள்ளி வாயில போடறா. தாடையெல்லாம் தவிடு. பக்கத்துல பசு பாத்துக்கிட்டு நிக்குது.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "எனக்குக் கொடு, நானும் திங்கறேன்"னு சொல்லல. "என்னை மன்னிச்சுடும்மா"ன்னு சொல்லல.

"யாராவது பாக்கறதுக்குள்ள உள்ள வாம்மா"ன்னார்.

லோகாம்பாள் எழுந்திருக்கல. தின்னா. தினமும் தின்னா. கால் வீக்கம் வடிஞ்சுது. அவ பிழைச்சுட்டா... அது ஒண்ணு மிச்சம்.

அவ்வளவுதான் கதை.

இன்னைக்கு எதுக்காக என்னைக் கூப்பிட்டீங்க? இந்த ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஸ்கேன் மெஷின் வந்திருக்கு, திறந்து வைக்கணும்னு கூப்பிட்டீங்க. உள்ள போய்ப் பாத்தேன். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பக்கத்து அறையில நர்ஸ் ஒரு கர்ப்பிணியோட மாமியார்கிட்ட மன்றாடிக்கிட்டிருக்காங்க: "இவளுக்கு ரத்தமே இல்லம்மா, மாத்திரையை நிறுத்தாதீங்க." மாமியார் கேக்கறாங்க: "புது மெஷின்ல பாத்தா, பையனா பொண்ணான்னு தெரியுமாம்மா?"

தொண்ணூறு வருஷம் ஆச்சுங்க! இஞ்சின் மாறிடுச்சு. மாலை அதே ரோஜா மாலை.

மெஷினை வரவேற்க நமக்கு யாரும் கத்துக்கொடுக்க வேண்டாம். அதோட கூடவே வர்ற அறிவு இருக்கே... அது நம்ம கௌரவத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லும். அதனால அதை மட்டும் வாசல்லயே நிறுத்திடறோம். கொல்றதுக்கு இந்த ஒண்ணு போதும். பாசத்தோடயே கொல்லலாம்.

நான் ரிப்பனை வெட்டறேன். வெட்டிட்டுத்தான் போவேன். ஆனா ஒண்ணு கேக்கறேன்... வீட்டுக்குப் போனதும் ஓடறதையெல்லாம் கொஞ்ச நேரம் நிறுத்துங்க. நிறுத்திட்டு, உங்க வீட்ல யார் வாயைத் திறந்து, சத்தமில்லாம அழறாங்கன்னு பாருங்க.