வலது கை விதி

எனக்குக் குளிர் தாங்காது. அங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

ஹங்கேரிச் சமவெளியில் எங்கள் ஊர்க் குதிரைத் தொழிலாளர் சங்கத்துக்குப் பதினோரு ஆண்டுகளாக நான்தான் பொருளாளர். லாடம் அடிப்பவர்கள், குதிரை பழக்குபவர்கள், வண்டியோட்டிகள் என்று இருபத்திரண்டு உறுப்பினர்கள். குதிரையின் வாயைத் திறந்து வயதைச் சொல்லிவிடுவார்கள். என் கணக்குப் புத்தகத்தைத் திறக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. ரசீது கேட்பது அவர்களுக்கு அவமானம். சந்தையில் வலது கையைக் குலுக்கி ஆளுக்கொரு வாய் பிளம் சாராயம் குடித்தால் குதிரை கைமாறிவிட்டது என்று அர்த்தம். சங்கத்திலும் அதுதான் சட்டம். விதி ஏழு: வலது கை குலுக்கியே பணம் வழங்கப்படும். நான் அந்த விதியை மிகவும் மதித்தேன்.

விபத்து நிதி சும்மா கிடந்தது. அதை எடுத்து என் வீட்டு வராந்தாவுக்குக் கண்ணாடி போட்டேன், கணப்பு வைத்தேன். சங்கக் கடிதங்களை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆகவே அலுவலகச் செலவு.

பிப்ரவரியில் லாடக்காரன் லேனார்டின் வலது கையை ஒரு குதிரை மிதித்து நசுக்கியது. தலைநகரில் தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பத்து நாளுக்குள் அறுவை செய்தால் விரல்கள் பிழைக்கும். கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றான்.

"அக்கா, நிதியிலேர்ந்து குடுங்க. சீக்கிரம் போகணும்."

"குடுக்கறதுக்கு என்னப்பா. கையக் குலுக்கு."

சிரித்தான். "இதக் குலுக்கினா மிச்ச எலும்பும் உதிர்ந்துடும்க்கா. இந்தாங்க, இடது கை."

"இடது கையால நீ குதிர வாங்குவியா?"

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "வாங்க மாட்டேன்க்கா."

சங்கத் தலைவர் அம்ப்ருஷிடம் போனான். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "விதிய மாத்தணும்னா பொதுக்குழு கூட்டணும்டா. இருபத்தோரு நாள் முன்னாடி நோட்டீஸ் போகணும்" என்றார். நோட்டீஸை நானே தட்டச்சு செய்தேன், கணப்பருகே. ஒரு பிழை இல்லை.

பொதுக்குழு ஒருமனதாக விதியைத் திருத்தியது. இனி இடது கையும் செல்லும். அதற்குள் லேனார்டின் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆகவே நிதியைத் தொட வேண்டிய அவசியம் வரவில்லை. தொட அதில் எதுவும் இல்லை. கையைக் குலுக்கு என்று சொன்னபோதே அது எனக்குத் தெரியும்.

இப்போது குதிரைப் பந்தய மைதான வாசலில் சீட்டுக் கிழிக்கிறான். என்னைக் கண்டால் இடது கையை நீட்டுவான்.

"எனக்காக விதியவே மாத்த வச்சீங்களேக்கா."

நானும் என் இடது கையைக் கொடுப்பேன். வெளியிலேயே நிற்பதால் அவன் கை சில்லென்று இருக்கிறது. நல்ல கையுறை ஒன்று வாங்க வேண்டும், எனக்கு. அலுவலகச் செலவுதான்.